கல்லூரிக் கட்டணமும் நம் ஒரு மணி நேரமும்

(சங்கத்தின் ஏப்ரல் மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்தாயிற்று. எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் வளாகத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளில் சிலர் இந்த வருடம் பிளஸ் டூ எழுதியிருக்கிறார்கள். மே மாதம் ரிசல்ட் வந்ததும் நாம் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று போட்டுக் கொடுப்பது வழக்கம். அது நல்ல காரியம், தொடரட்டும். ஆனால் அந்தப் பணம் ஒரு செமஸ்டர் புத்தகத்துக்கும் பஸ்சுக்கும்தான் வரும். இந்த வருடம் உங்களிடம் நான் கேட்க வந்தது பணம் இல்லை. ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து விண்ணப்பம் போட ஒரு மணி நேரம்.

ஏன் என்று சொல்கிறேன். நான் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். பல வருடம் நகைக்கடன் கவுண்டர். ஜூன், ஜூலையில் அந்த கவுண்டரில் கூட்டம் அதிகம் இருக்கும், எல்லாம் பீஸ் கட்டத்தான். வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா ஒரு நாள் சங்கிலியோடு வந்தார். மகளுக்குக் கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் கிடைத்திருந்தது. முதல் தவணையை ஐந்து வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டார். அந்தக் கடனை அடைக்க நகை வைக்க வந்திருந்தார். பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது, அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை. முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிக் கவுன்சிலிங்கில் காட்டியிருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைத்திருக்கும். தமிழ்நாட்டில் அந்தச் சலுகை 2010 முதல் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பெண் நல்ல மார்க் வாங்கியவள். ஒரு காகிதம் இல்லாததால் அவள் அம்மாவின் கழுத்துச் சங்கிலி போனது.

எனவே நீங்கள் ஒரு பிள்ளையோடு உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது மார்க் அல்ல. "ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளியில் படித்தாய்?" என்று கேளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கலை, அறிவியல் கல்லூரியில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் வரும். பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022-லிருந்து, ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-லிருந்து. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும்.

அடுத்த கேள்வி, "வீட்டில் யாராவது டிகிரி முடித்திருக்கிறார்களா?" இல்லை என்றால் உடனே இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு எழுதிப் போடச் சொல்லுங்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இரண்டும் கையோடு வேண்டும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. ரிசல்ட் வந்த வாரத்தில் ஊரே இ-சேவை மையத்தில்தான் நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரிசல்ட் வந்த மறுநாளே ஏஜென்ட் போன் வரும். "சீட் உறுதி, முன்பணம் மட்டும் கட்டுங்க" என்பார். முதல் பட்டதாரி சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. கவுன்சிலிங் முடியும் வரை யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் அழுத்திச் சொல்லுங்கள். இந்த ஒன்றை மட்டும் சொன்னாலே பெரிய உதவி.

மூன்றாவது, பேங்க் பாஸ்புக். உதவித்தொகை எல்லாம் இப்போது ஆதாரோடு இணைத்த கணக்குக்குத்தான் வருகிறது. கணக்கு இருக்கிறது, பணம் வரவில்லை என்று எத்தனையோ பேர் வந்து நிற்பார்கள். கே.ஒய்.சி.க்காக ஆதார் நகல் கொடுத்தது வேறு, அரசுப் பணம் வருவதற்காக ஆதாரை அந்தக் கணக்கோடு இணைப்பது வேறு. பின்னதற்குக் கிளையில் தனியாகப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயரையும் இனிஷியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மார்க் ஷீட்டில் "எம்.செல்வி", ஆதாரில் "செல்வி முருகன்" என்றிருந்தால் அங்கேயே சிக்கல். அதேபோல விண்ணப்பத்தில் கொடுக்கும் மொபைல் எண் அந்தப் பிள்ளையின் கையில் இருக்கும் எண்ணாக இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட அப்பாவின் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. எங்கே வரும்?

இத்தனைக்குப் பிறகும் பணம் குறைந்தால் கல்விக் கடன். கடன் என்றாலே பயப்படுகிறார்கள். கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 4 லட்சம் வரை ஈடு வேண்டாம், ஜாமீன்தாரர் வேண்டாம். தாயோ தந்தையோ கூடக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை.

வருடம் 75,000 வீதம் நான்கு வருடத்தில் 3 லட்சம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம், சாதாரண வட்டி. படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகும்போது முதல் வருடப் பணத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. மொத்தம் பதினான்கு வருட வட்டி, வருடத்துக்கு 7,500. ஆக 1,05,000 ரூபாய். குடும்ப வருமானம் வருடம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, நாக் அல்லது என்.பி.ஏ. தரச்சான்று உள்ள இடத்தில் தொழிற்படிப்பு படித்தால், இந்த வட்டியை மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் வருமானச் சான்றிதழைக் கிளையில் கொடுத்து, மானியம் வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கேட்காமல் விட்டால் அந்த லட்ச ரூபாய் பிள்ளையின் தலையில்தான் ஏறும். ஐந்து வட்டிக்கு வாங்கினால் 75,000-க்கு மாதம் 3,750, ஒரே வருடத்தில் 45,000. அசல் அப்படியே நிற்கும்.

கவுண்டரில் வாயால் கேட்டுவிட்டு, "இப்போ இல்லைம்மா" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடக் கூடாது. வாயால் கேட்டதற்குப் பதிவே கிடையாது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் பதிவெண் கிடைக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், மண்டல அலுவலகத்துக்கு எழுதலாம். மாவட்ட ஆட்சியர் நடத்தும் கல்விக் கடன் முகாமுக்கும் அந்த எண்ணோடு போகலாம். உங்களில் ஒருவர் கூடப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாலே பேச்சு மாறிவிடும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளில் சேர்பவர்களுக்கு ஈடில்லாமல் கடன் கிடைக்கிறது. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை என்றால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு.

உதவி செய்யும்போது மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். வருமானத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லாதீர்கள், பின்னால் பிள்ளைக்குத்தான் சிக்கல். அசல் சான்றிதழ்களை உங்கள் வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். படிவத்தை நீங்களே நிரப்பிவிடாதீர்கள். அந்தப் பிள்ளை தட்டட்டும், பாஸ்வேர்டை அவளே எழுதி வைத்துக்கொள்ளட்டும். அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது அவளுக்கு நாம் தேவைப்படக் கூடாது. அவள் தம்பிக்கு அவளே போட்டுக் கொடுப்பாள்.

மே மாதம் ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்குச் சங்க அறையில் நான் இருப்பேன். லேப்டாப்பும் ஸ்கேனரும் செயலாளர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு வேண்டியது இன்னும் ஆறு பேர், ஆளுக்கு ஒரு பிள்ளை. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடமும், கீழே இஸ்திரி போடும் அண்ணனிடமும் கேளுங்கள், "இந்த வருஷம் உங்க வீட்ல யாராவது பிளஸ் டூ எழுதியிருக்காங்களா?" என்று. பெயரை வாட்ச்மேன் மேஜையில் உள்ள நோட்டில் எழுதி வையுங்கள்.