விலக்கும் ஒரு செலவே: வர்ஜீனியாவின் தரவு மையங்களும் வீட்டு வாடகையும்



ஓர் அரசு தன் கருவூலத்திலிருந்து நூறு ரூபாயை எடுத்து ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தால் சட்டமன்றத்தில் கேள்வி எழும், தணிக்கையாளர் குறிப்பு எழுதுவார், பத்திரிகைகள் விவாதிக்கும். அந்த நூறு ரூபாயையே வரியாக வாங்காமல் விட்டுவிட்டால் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. கருவூலத்தைப் பொறுத்தவரை இரண்டின் விளைவும் ஒன்றுதான்: பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ வீட்டுக்கோ போயிருக்கக்கூடிய நூறு ரூபாய் கையில் இல்லை. வரிவிலக்கும் ஒரு செலவே. மற்றச் செலவுகளை எந்தத் தராசில் நிறுக்கிறோமோ அதே தராசில்தான் அதையும் நிறுக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்த கருத்து இதுதான். இதற்குச் சான்றாக அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்குத் தரவு மையங்கள் குவிந்திருக்கும் இடம் அது. அவற்றுக்கு அளித்த சலுகையின் வரவையும் செலவையும் அம்மாநிலமே நேர்மையாகக் கணக்கிட்டு வெளியிட்டிருப்பதால், ஊகத்தின் மேல் நிற்காமல் நம்மால் வாதிட முடியும்.

குவிந்த விதம்

வாஷிங்டன் நகருக்கு மேற்கே லவுடன் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) இருக்கிறது. அதன் ஆஷ்பர்ன் பகுதியில் தரவு மையக் கட்டடங்கள் வரிசைகட்டி நிற்பதற்கு வரிச்சலுகை தொடக்கக் காரணம் இல்லை. 1990களில் இணையத்தின் முக்கியமான இணைப்பு நிலையம் ஒன்று அருகிலுள்ள டைசன்ஸ் பகுதியில் அமைந்தது. இணையச் சேவை நிறுவனமான ஏ.ஓ.எல். டல்லஸ் விமான நிலையத்தின் அருகே தலைமையகம் அமைத்தது. தரவு மைய நிறுவனமான ஈக்வினிக்ஸ் ஆஷ்பர்னில் தன் மையத்தைத் திறந்தது. கண்ணாடியிழைக் கம்பிகள் மண்ணுக்கடியில் நிறைந்தன. நிலமும் மின்சாரமும் மலிவாகக் கிடைத்தன. சேவையகங்கள் உள்ளிட்ட சாதனங்களுக்கு விற்பனை வரி வேண்டாம் என்ற சட்டத்தை மாநிலம் 2008இல்தான் இயற்றியது. 15 கோடி டாலர் முதலீடும் 50 புதிய வேலைகளும் விலக்குப் பெறுவதற்கான பொதுவான நிபந்தனைகள். விலக்கு 2035 வரை செல்லும். மிகப் பெரிய முதலீடுகளைச் செய்வோருக்கு 2040, 2050 வரைகூட நீளும். மாநிலச் சட்டமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜே.லார்க், 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், உலகின் செயல்படும் தரவு மையத் திறனில் 13 விழுக்காடு வடக்கு வர்ஜீனியாவில் இருப்பதாகக் கணக்கிட்டது. 2023 நிதியாண்டில் மட்டும் இந்த விலக்கால் நிறுவனங்கள் மிச்சப்படுத்திய வரி 92.8 கோடி டாலர்.

இந்தத் தொகையின் அளவு விளங்க, மாநிலத்தின் இன்னொரு செலவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் கடனும் மானியமும் தருவது வர்ஜீனியா வீட்டுவசதி அறக்கட்டளை நிதி. 2025, 2026 ஆகிய இரு நிதியாண்டுகளுக்கும் சேர்த்து அதற்கு ஒதுக்கப்பட்டது சுமார் 17.5 கோடி டாலர். ஓராண்டு விலக்கின் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இந்த ஈராண்டு ஒதுக்கீடு எட்டவில்லை. தேவை குறைவாக இருந்து ஒதுக்கீடு குறைந்ததாகவும் சொல்ல முடியாது. 2019இல் மாநிலக் குடும்பங்களில் 29 விழுக்காடு, அதாவது சுமார் 9 லட்சம் குடும்பங்கள், வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்கே செலவிட்டன என்றும், எளிய குடும்பங்கள் தாங்கக்கூடிய வாடகை வீடுகள் குறைந்தது 2 லட்சம் பற்றாக்குறை என்றும் 2021இல் கணக்கிட்டது இதே ஜே.லார்க்தான்.

யார் தருகிறார்கள், யார் பெறுகிறார்கள்

தரவு மையங்களால் ஆதாயமே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆதாயம் உண்டு, பெரிய ஆதாயம். அது போய்ச் சேரும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். மாநிலம் விட்டுக்கொடுப்பது விற்பனை வரி. கவுண்டி வசூலிப்பது கட்டடத்தின் மீதும் கணினிச் சாதனங்களின் மீதும் போடும் சொத்து வரி. லவுடனில் கணினிச் சாதனத்தின் மதிப்பில் 100 டாலருக்கு 4.15 டாலர் வரி. தொழில் முதிர்ந்த ஐந்து கவுண்டி, நகர நிர்வாகங்களின் வருவாயில் இந்த மையங்களின் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவிலிருந்து 31 விழுக்காடு வரை இருப்பதாக ஜே.லார்க் கண்டது. அந்த 31 விழுக்காடு லவுடனுடையது. பள்ளி மானியத்தை மாநிலம் பங்கிடும் சூத்திரம் ஒவ்வோர் ஊரின் நிலம் மற்றும் கட்டட மதிப்பு, மக்களின் வருமானம், சில்லறை விற்பனை ஆகியவற்றைப் பார்க்கிறது. கணினிச் சாதனங்களின் மதிப்பு அதில் வராது. சாதன வரியால் செல்வம் கொழித்தாலும் அதற்காக லவுடனின் மானியம் குறைவதில்லை. ஊரார் எல்லோரும் கூலி கொடுத்து வெட்டிய வாய்க்காலில் தலைமடை வயல் மட்டும் நிரம்புவது போன்ற ஏற்பாடு இது. தென்மேற்கு வர்ஜீனியாவின் பழைய நிலக்கரிக் கவுண்டிகள் கடைமடையில் நிற்கின்றன.

தலைமடையிலும் எல்லோருக்கும் தண்ணீர் பாய்கிறதா? லவுடனின் வீட்டுச் சொத்து வரி விகிதம் 2012இல் 100 டாலருக்கு 1.235 டாலராக இருந்தது, தரவு மைய வருவாயின் துணையோடு 2025இல் 0.805 டாலராகக் குறைந்தது. ஏழரை லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்குப் பழைய விகிதத்தில் ஆண்டுக்கு 9,262 டாலர் வரி வரும். புதிய விகிதத்தில் 6,037 டாலர். வீட்டுக்காரருக்கு ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேலான டாலர் மிச்சம். இந்த மிச்சம் புதிதாக வீடு வாங்க வருபவரின் கைக்குப் போவதில்லை. பொருளியலாளர் வாலஸ் ஓட்ஸ் 1969இல் நியூ ஜெர்சி ஊர்களை ஆராய்ந்து காட்டியது போல, குறைந்த வரியும் நல்ல பள்ளியும் வீட்டின் விலையிலேயே ஏறிவிடுகின்றன. ஏற்கெனவே சொந்த வீடு உள்ளவர் இருமுறை பயனடைகிறார்: வரி குறைகிறது, சொத்தின் மதிப்பு கூடுகிறது. வாங்க வருபவர் அந்தச் சலுகையை விலையாகக் கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவருக்கோ, வீடு பற்றாக்குறையாக உள்ள சந்தையில், உரிமையாளரின் வரிக்குறைவு வாடகைக் குறைவாக வந்து சேரும் என்ற உறுதி இல்லை. பள்ளிகள் மேம்படும், அது அவருக்கும் நன்மைதான். ஆனால் அந்தப் பள்ளியில் பாடம் நடத்தும் இளம் ஆசிரியர் அதே கவுண்டியில் குடியிருக்க முடியாவிட்டால், அந்த வளம் யாருக்கானது என்று கேட்பது நியாயமான கேள்வி.

மின்கட்டணத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். எளிய குடும்பத்துக்கு வாடகையும் மின்கட்டணமும் ஒரே சம்பளத்திலிருந்துதான் போகின்றன. இதுவரை தரவு மையங்கள் தமக்குரிய மின்செலவைப் பெரும்பாலும் தாமே ஏற்றிருக்கின்றன என்பதை ஜே.லார்க் ஒப்புக்கொள்கிறது. தேவை கட்டுப்பாடின்றிப் பெருகினால் பத்தாண்டுகளுக்குள் மாநிலத்தின் மின்தேவை இருமடங்காகும் என்றும், புதிய நிலையங்களுக்கும் கம்பித் தடங்களுக்கும் ஆகும் செலவால் டொமினியன் மின் நிறுவனத்தின் சராசரி வீட்டு இணைப்புக்கு 2040க்குள் மாதம் 14 முதல் 37 டாலர் வரை கூடக்கூடும் என்றும் அதே அறிக்கை எச்சரிக்கிறது. வர்ஜீனியா உட்படப் பல மாநிலங்களை இணைக்கும் பி.ஜே.எம். மின்சந்தையில், தேவைப்படும்போது மின்சாரம் தரத் தயாராக இருப்பதற்கான ஏலவிலை ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலரிலிருந்து அடுத்த ஆண்டுக்கே 269.92 டாலராக எகிறியது. இதற்குப் பல காரணங்கள் உண்டு; தரவு மையத் தேவை அவற்றுள் முக்கியமானது.

ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம் வலுவானது: சலுகையை எடுத்தால் நிறுவனங்கள் வேறு மாநிலத்துக்குப் போய்விடும். முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய விலக்கை அளிக்கின்றன. சலுகை பெற்ற முதலீட்டில் 90 விழுக்காடு விலக்கு இல்லையென்றால் வர்ஜீனியாவுக்கு வந்திருக்காது என்று ஜே.லார்க் 2019இல் மதிப்பிட்டது. இதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் அந்த மதிப்பீட்டுக்குப் பின் நிலைமை மாறியிருக்கிறது. 2022 ஜூலையில், ஆஷ்பர்ன் பகுதியில் புதிய மையங்களுக்கு உடனடியாக முழு மின்சாரம் தர இயலாது என்று டொமினியன் அறிவித்தது. இடம் வேண்டி வரிசையில் நிற்பவர்கள் இருக்கும்போது, அவர்களை வரவழைக்கத் தள்ளுபடி தேவைப்படுவதில்லை. இன்னொன்றும் உண்டு. சேவையகங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்; ஒவ்வொரு மாற்றத்தின்போதும் விலக்கு மீண்டும் கிடைக்கிறது. எங்கே கட்டுவது என்று முடிவு செய்பவரை ஈர்க்க முதல் விலக்கு உதவலாம். கட்டடம் எழுப்பி, கம்பி இழுத்து, வாடிக்கையாளரைச் சேர்த்த பிறகு வாங்கும் மாற்றுச் சாதனங்களுக்கு முழு விலக்கு தருவது, ஏற்கெனவே வந்துவிட்டவரை வரச்சொல்லிப் பணம் கொடுப்பதற்கு நெருக்கமானது.

இரண்டாவது ஆட்சேபம் வேலைவாய்ப்பு. ஆண்டுக்குச் சுமார் 74,000 வேலைகளை இத்தொழில் தாங்குகிறது என்பதும் ஜே.லார்க் கணக்கே. அவற்றில் பெரும்பகுதி கட்டுமானக் காலத்து வேலைகள். இரண்டரை லட்சம் சதுர அடி மையம் ஒன்றில் கட்டுமான உச்சத்தில் 1,500 பேர் வரை உழைப்பார்கள். கட்டி முடித்தபின் நிரந்தரமாக இருப்பவர் சுமார் 50 பேர். இந்தப் பொருளாதார நடமாட்டம் எல்லாம் சேர்ந்தும், விட்டுக்கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் மாநிலக் கருவூலத்துக்குத் திரும்பி வருவது சுமார் 48 சென்ட். பிற ஊக்கச் சலுகைகளோடு ஒப்பிட்டால் இது மோசமான பலன் இல்லை. ஆயினும் மீதி 52 சென்ட்டை மாநிலம் செலவழித்திருக்கிறது. அதை எதற்குச் செலவழித்தோம் என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது ஆட்சேபம்: வீட்டுத் தட்டுப்பாட்டுக்குத் தரவு மையங்களா காரணம்? விமானச் சத்தம் நிறைந்த டல்லஸ் சுற்றுப்புறத்தில் அவை இல்லாவிட்டாலும் வீடுகள் எழுந்திருக்குமா? இதில் உண்மை இருக்கிறது. தட்டுப்பாட்டின் முதற்காரணம், தனி வீடுகளை மட்டுமே அனுமதிக்கும் நிலப் பயன்பாட்டு விதிகளும் பல்லாண்டு காலமாகக் கட்டாமல் விட்ட அடுக்குமாடிகளும்தான். தரவு மையம் நிலவிலையை ஏற்றுவது துணைக்காரணமே. ஆகவே அவற்றைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் கேட்கவில்லை. தட்டுப்பாட்டைத் தீர்க்கத் தேவையான பொதுப்பணம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன்.

செய்யத்தக்கவை

முதலாவது, விலக்கை ஒரேயடியாக ரத்து செய்யாமல் சுருக்க வேண்டும். பகுதி விலக்கு என்பது ஜே.லார்க் முன்வைத்த தெரிவுகளில் ஒன்றே. புதிய மையத்தின் முதல் சாதனங்களுக்குச் சலுகை தொடரலாம். மாற்றுச் சாதனங்களுக்குப் பாதி வரியாவது வேண்டும். ஏற்கெனவே கையெழுத்தான உடன்பாடுகளை மதிப்பது அரசின் கடமை என்பதால் இது புதிய உடன்பாடுகளிலிருந்தே தொடங்க வேண்டும். இப்படி நடுவழியில் நின்ற மாநிலம் உண்டு: மின்னசோட்டா 2025இல் பெரிய தரவு மையங்களின் மின்சாரத்துக்கு இருந்த விற்பனை வரி விலக்கை நீக்கியது, சாதன விலக்கின் காலத்தை நீட்டித்தது. அரசியல் எளிதல்ல என்பதற்கும் சான்று உண்டு: ஜார்ஜியாவில் புதிய விலக்குகளை ஈராண்டு நிறுத்தி வைக்கச் சட்டமன்றம் 2024இல் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார்.

இரண்டாவது, அப்படி மீளும் வரியில் ஒரு பங்கை வீட்டுவசதி நிதிக்கு ஒதுக்க வேண்டும். தனி வருவாயைத் தனிச் செலவுக்குக் கட்டிப்போடுவது நல்ல நிதிநிர்வாகம் ஆகாது என்று பொருளியலாளர் சொல்வார்கள். சாதனச் சந்தை ஏறி இறங்குவதால் அந்த வருவாயும் நிலையற்றது. ஆண்டுதோறும் தந்தாக வேண்டிய சம்பளத்துக்கோ ஓய்வூதியத்துக்கோ இதை நம்பினால் ஆபத்துதான். வீடு கட்டக் கொடுக்கும் மூலதனக் கடனுக்கோ இது பொருத்தமானது: வரவு கூடிய ஆண்டில் அதிக வீடுகள், குறைந்த ஆண்டில் குறைவான வீடுகள், திரும்பி வரும் கடன் மறுபடி கடனாகும். பணம் மட்டும் போதாது. அடுக்குமாடிகளையும் சிறு வீடுகளையும் அனுமதிக்கும்படி நிலவிதிகளைத் தளர்த்தும் கவுண்டிகளுக்கு அந்த நிதியில் முன்னுரிமை தர வேண்டும். லவுடன் 2025 மார்ச்சில் தரவு மையங்களுக்கு இருந்த தனி அனுமதியின்றிக் கட்டும் உரிமையை நீக்கி, ஒவ்வொன்றும் கவுண்டியின் மேற்பார்வையாளர் வாரியத்தின் முன் வர வேண்டும் என்று விதித்தது. அதே வாரியத்தால் வீடுகளுக்கான கதவை அகலமாகத் திறக்கவும் முடியும்.

மூன்றாவது, மின்கட்டமைப்பின் செலவை அதை உண்டாக்குபவரே ஏற்க வேண்டும். இதில் வர்ஜீனியா அடியெடுத்து வைத்துவிட்டது. 25 மெகாவாட்டோ அதற்கு மேலோ கேட்கும் வாடிக்கையாளருக்குத் தனிக் கட்டணப் பிரிவை மாநில ஒழுங்குமுறை ஆணையம் 2025 நவம்பரில் அங்கீகரித்தது. 14 ஆண்டு ஒப்பந்தம். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் கேட்ட அளவில் கடத்தலுக்கும் விநியோகத்துக்கும் 85 விழுக்காடு, உற்பத்திக்கு 60 விழுக்காடு குறைந்தபட்சக் கட்டணம். 2027இல் நடைமுறைக்கு வரும் இந்த விதியைத் தளர்த்தாமல் காப்பது, வாடகைக்கு இருப்பவரின் மின்கட்டணத்தைக் காப்பதற்குச் சமம்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. தமிழ்நாடு 2021இல் தரவு மையக் கொள்கையை வெளியிட்டது. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் மையங்கள் இயங்குகின்றன. முதலீட்டுக்காக மாநிலங்கள் போட்டியிடும்போது சலுகைகள் பெருகும். சலுகை கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஒவ்வொரு சலுகைக்கும் இழந்த வரி எவ்வளவு, கிடைத்த வேலை எவ்வளவு, எந்த ஊருக்கு எவ்வளவு போனது என்பதை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ஒன்றிய அரசு 2006-07 முதல் வரிச்சலுகைகளால் இழக்கும் வருவாயை வரவுசெலவுத் திட்டத்தோடு வெளியிட்டு வருகிறது. மாநிலங்கள் அதைச் சலுகைவாரியாக, ஊர்வாரியாகச் செய்யலாம். வர்ஜீனியாவின் தணிக்கையாளர்கள் அந்தக் கணக்கைப் போட்டதால்தான், 92.8 கோடி டாலரை வீட்டுச் செலவால் திணறும் குடும்பங்களின் பக்கத்தில் வைத்து இன்று நம்மால் பேச முடிகிறது. கணக்கு வெளியே வந்தபின் எந்தச் செலவு முதன்மையானது என்பதை மக்கள் முடிவு செய்யட்டும். கணக்கே இல்லாமல் அந்த முடிவை நிறுவனங்களிடமும் அலுவலர்களிடமும் விட்டுவிடுவது மக்களாட்சி ஆகாது.