கடைக்கணக்கும் கணிப்பொறியும்

(ஆழ்வார்திருநகரியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருக்கோளூரில் அவதரித்த மதுரகவியார் வடநாட்டு யாத்திரையில் அயோத்தியில் இருந்தபோது, தென்திசையில் ஒரு பேரொளியைக் கண்டு, அதனையே வழித்துணையாகக் கொண்டு நம் திருக்குருகூரை வந்தடைந்தார் என்பது வைணவப் பெரியோர் கூறும் வரலாறு. அவர் ஒளியைக் கண்ட மாத்திரத்தே அடிபணிந்தாரல்லர். புளியின்கீழ் வீற்றிருந்த நம்மாழ்வாரை ஒரு வினா வினவி, விடை பெற்ற பின்னரே ஆசாரியராகக் கொண்டார். யாம் இன்று பேசப் புகுந்த பொருள், கடையில் பில் போடவும் கணக்கு எழுதவும் இணையவழி மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறையாகும். பொருள் சிறிதேயாயினும், வினவிப் பின் கொள்ளுதல் என்னும் அந்நெறி இதற்கும் பொருந்தும்.

நம் முன்னோர் சிட்டை, நாள்வழி, பேரேடு என்று கணக்கெழுதி வந்தனர். அம்முறையே போதும் என்பார் நம்முள் இன்னும் உளர். அவர்கள் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நினைவு கூர்வாராக. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது; திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது; தாமிரபரணி கரை கடந்தது. அவ்வெள்ளத்தில் நம்மவர் சிலருடைய பேரேடுகளும் சேற்றோடு சேறாயின. காகிதம் அழியக்கூடியது என்பதில் ஐயமில்லை.

ஆயின் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்ததோ எனின், தீரவில்லை. இதனை யாம் எம் பிழையைக்கொண்டே கூற வேண்டியவராயிருக்கிறோம்.

எம் உறவினராகிய ஒரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கு, வெள்ளத்திற்குப் பின் வந்த கோடை விடுமுறையில், யாமே கைப்பேசியில் அத்தகைய மென்பொருள் ஒன்றை அமைத்துக் கொடுத்தோம். அவர் மகிழ்ந்து பேரேட்டைக் கட்டி வைத்துவிட்டார். கடன் விற்பனை முழுதும் அதிலேயே ஏறியது. மறு ஆண்டு அவர் திடீரெனக் காலமானார். கைப்பேசியின் பூட்டும் கணக்கின் கடவுச்சொல்லும் அவர் நினைவில் மட்டுமே இருந்தன. மதினியார் எம்மிடம், "தம்பி, நீங்கள் அமைத்துத் தந்ததுதானே, திறந்து தாருங்கள்" என்றார். எம்மால் இயலவில்லை. மென்பொருள் நடத்துவோர் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்டனர்; கணக்குத் திறக்க நான்கு திங்கள் ஆயின. அதற்குள் சரக்குக் கொடுத்தவர்கள் தம் பாக்கியைக் கேட்டு வந்தனர். கடைக்குத் தர வேண்டியவர்களுள் சிலரே தாமாக வந்து தந்தனர். கட்டி வைத்த பழைய பேரேட்டை மதினியாரும் எழுத்துக்கூட்டிப் படிக்க வல்லவர். புதியதை அவர் பார்க்கவும் இயலவில்லை. அன்று யாம் வினவாது விட்ட வினாக்களையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, நமக்கு வேண்டுவது யாது? சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சரக்கு மட்டும் விற்போர் பொதுவாக ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையும், சேவை செய்வோர் 20 லட்சத்தையும் கடந்தால் பதிவு செய்ய வேண்டும். ஒன்றரைக் கோடிக்கு உட்பட்ட வணிகர் காம்போசிஷன் முறையை மேற்கொள்ளலாம். அவர்கள் வாங்குவோரிடம் வரி வசூலித்தல் கூடாது, பில்லில் வரியைத் தனியே காட்டுதலும் கூடாது. அரசின் தளத்தில் பதிந்து பெறும் மின்விலைப்பட்டியலோ, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைக் கடந்தோர்க்கே கட்டாயம். ஆகலின், "இஃதின்றிக் கடை நடத்த முடியாது" என்று விற்க வருவோர் அச்சுறுத்துவராயின் அஞ்ச வேண்டா.

இரண்டாவது, வரியைச் சரியாகப் பிரிக்குமா? உடன்குடிக் கருப்பட்டியை மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுத்தால் வரியில்லை. முன்னரே பொதிந்து பெயர்ச்சீட்டு ஒட்டி விற்றால் 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு வரியுண்டு. ஒரே பண்டத்திற்கு இரு நிலை. 2025 செப்டம்பர் 22 அன்று பல பண்டங்களின் வரிவீதம் மாறியது. பழைய பில்கள் மாறாமல், குறித்த நாள் முதல் புது வீதம் ஏறுமாறு செய்ய இயலுமா என்று செய்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இணையம் அற்றபோது என் செய்யும்? வெள்ளத்தின்போது மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பல இடங்களில் நாட்கணக்கில் இல்லை. டாலி போன்றவை நம் கணிப்பொறியிலேயே இருந்து இயங்குவன. ஜோஹோ புக்ஸ் போன்றவை தொலைவிலுள்ள கணிப்பொறிகளில் கணக்கைக் காப்பன. முன்னவற்றிற்கு நம் கணிப்பொறி நனைந்தால் கேடு; பின்னவற்றிற்குத் தொடர்பு அறுந்தால் தடை. இரண்டிற்கும் மறுபடி ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, நாம் விலகும் நாளில் கணக்கு நம்மோடு வருமா? ஆண்டறிக்கை செலுத்துவதற்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்க வேண்டுமென்பது சட்டம். சந்தா நின்றால் கணக்கும் மூடப்படுமாயின் அதனைக் கொள்ளற்க. பில், கடன் பாக்கி, சரக்கிருப்பு அனைத்தையும் எக்செல் ஏடாக இறக்கித் தருமா என்பதை, பணம் கட்டுவதற்கு முன், பத்துப் பில் போட்டு நீங்களே இறக்கிப் பாருங்கள்.

ஐந்தாவது வினாவே தலையாயது. நமக்குப் பின் இதனைத் திறப்பவர் யார்? மனைவியாரோ மகனோ மகளோ ஒருவருக்கேனும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க அது இடந்தருமா? திரை தமிழில் உண்டா? இவ்வினாவை விற்பவரிடம் மட்டுமன்றி நம் வீட்டாரிடமும் கேட்க வேண்டும்.

அன்பர்களே! மென்பொருள் எதுவாயினும் ஆகுக. கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். மாதம் முடியும் நாளில் கடன் பாக்கிப் பட்டியலை அச்சிட்டு வீட்டார் கையில் கொடுங்கள். அதற்குச் செல்லும் காலம் கால் நாழிகை. இவ்வளவும் யாம் முன்னரே அறிந்து அண்ணாச்சிக்குச் சொல்லியிருந்தால், மதினியார் எம் வாயிலில் வந்து நிற்க நேர்ந்திராது. தாய்மார்களே! இன்றிரவே உங்கள் வீட்டில் இதனைக் கேளுங்கள்.