ஏடும் கணினியும்



நம் பிள்ளைகளின் உதவித்தொகை விவரங்களை நாம் இன்றும் ஏடுகளில்தான் எழுதி வருகின்றோம். பெயர் ஓர் ஏட்டில், சான்றிதழ் எண் மற்றோர் ஏட்டில். விண்ணப்பக் கெடு நாளில் ஒரு மாணவியின் பெயர் விடுபட்டால் அவள் படிப்பே நின்றுபோகும்.

இக்குறையைப் போக்கவல்ல தரவுத்தள மென்பொருளை நாம் விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. 2005-இல் வெளிவந்த ஓப்பன் ஆபீஸ் 2.0 பதிப்பில் சேர்ந்த ‘பேஸ்’, 2010-இல் அதனின்று கிளைத்த லிப்ரே ஆபீஸிலும் உள்ளது.

மாணவர் விவரம் ஓர் அட்டவணை. உதவித்தொகை மற்றோர் அட்டவணை. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் தந்து, அவ்வெண்ணால் இரண்டையும் இணைத்தல் வேண்டும். பெயரைக் கொண்டு இணைத்தல் ஆகாது. நம் ஊரில்தான் எத்தனை முருகன்கள்! பின்னர், ‘எவருக்கு இன்னும் பணம் வரவில்லை?’ என வினவினால் நொடியில் பட்டியல் கிடைக்கும். விவரம் நிரப்பும் படிவத்தை அமைக்கவும் அம்மென்பொருளே படிப்படியாக வழிகாட்டும். தமிழிலேயே உள்ளிடலாம்.

எனினும், அட்டவணைகளைத் திட்டமிடுதல் அத்துணை எளிதன்று. முதலில் தாளில் வரைந்து பார்த்தல் நலம். பத்துப் பெயர்களுக்கு மட்டும் எனில் ‘கால்க்’ விரிதாளே போதும், பேஸ் வேண்டா. பேஸுக்குள் அமைந்த ஹெச்எஸ்க்யூஎல்டிபி இயங்க ஜாவாவும் கணினியில் இருத்தல் வேண்டும்.

இவ்வகையில் யாவும் ஒரே கோப்பில் தங்குவதால், வாரந்தோறும் அதன் நகலைப் பென்டிரைவில் எடுத்து வேறொரு வீட்டில் வைத்தல் வேண்டும். குடும்ப வருமானமும் சாதிச் சான்றும் அடங்கிய கோப்பு அது. பொறுப்பாளர் இருவரைத் தவிர வேறெவரும் அதனைத் திறத்தல் கூடாது.