எது முதலில்?
சட்டமன்ற உறுப்பினரின் பணியும் நம் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் படிக்கப்பட்டன. இனி என் முறை. வழக்கமாக இம்மேடையில் மார்க்க விளக்கம் பேசும் நான், இன்று சட்டமன்ற உறுப்பினரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். அச்சம் வேண்டா. எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ நான் பேச வரவில்லை. நாம் வாக்களித்து ஒருவரைச் சென்னைக்கு அனுப்புகிறோம். ஐந்தாண்டுக் காலம் அவரிடம் ஓர் அமானிதத்தை ஒப்படைக்கிறோம். ஒப்படைத்தவனுக்கு, தான் ஒப்படைத்தது இன்னது என்று தெரிந்திருக்க வேண்டாமா? அதைப் பற்றித்தான் என் பேச்சு.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

பதினேழு கோரிக்கைகள்

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் மாநிலத்தின் 234 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். ஒவ்வொருவரும் தத்தம் தொகுதியில் நெடுநாளாக நிறைவேறாத கோரிக்கைகளுள் மிக முக்கியமான பத்தினைத் தேர்ந்து மாவட்ட ஆட்சியரிடம் அளிக்க வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ என்னும் திட்டத்தின் கீழ் வந்த அறிவிப்பு அது.

செய்தி நம் ஊரை எட்டியதும், இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் கூடினோம். ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள், நான் எழுதினேன். ஊர் முகப்பில் அலங்கார வளைவு, பள்ளிவாசல் முன் உயர்கோபுர மின்விளக்கு, மையவாடிக்குச் செல்லும் பாதைக்குச் சிமெண்டுத் தளம் என்று பட்டியல் வளர்ந்து பதினேழில் நின்றது. பச்சை மையால் தலைப்பிட்டு, அழகாகத் தட்டச்சு செய்து, பொன்னாடையும் வாங்கிக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்திற்குச் சென்றோம்.

அவருடைய உதவியாளர் ஓர் இளைஞர். மனுவை முழுவதும் படித்தார். பிறகு மிகப் பணிவாக, “ஐயா, தொகுதி முழுவதற்குமே பத்துதான். உங்கள் ஊர் ஒன்றிற்கே பதினேழு எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் எது முதலில் வேண்டும்?” என்று கேட்டார்.

சென்றிருந்த ஒன்பது பேரில் ஒருவராலும் விடை சொல்ல இயலவில்லை. ஒருவர் வளைவு என்றார். மற்றொருவர் விளக்கு என்றார். வெளியே வந்தும் வாசலில் நின்று வாதாடினோம். அந்த வாதத்தில் நானும் இருந்தேன்.

அதே வாரத்தில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை, மகளின் நிக்காஹுக்காக என்னிடம் வந்தார். வயதுச் சான்றாகப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் கொடுத்தார். நல்ல மதிப்பெண்கள். “மேலே படிக்க வைக்கவில்லையா?” என்று கேட்டேன். “நம் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தோடு சரி, ஹஜ்ரத். அடுத்த பள்ளி ஒன்பது கிலோமீட்டர். மாலை வகுப்பு முடியும் நேரத்துக்குப் பேருந்து இல்லை. இருட்டிய பிறகு பெண் பிள்ளை எப்படி வருவாள்?” என்றார்.

அவர் சென்ற பிறகு எண்ணிப் பார்த்தேன். நான் இந்த ஊருக்கு வந்த நாள் முதல் எத்தனை தகப்பன்மார் இதே சான்றிதழை என் கையில் கொடுத்திருக்கிறார்கள்! வாங்கிப் பார்த்து, பிறந்த தேதியை மட்டும் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அன்றிரவு மனுவின் நகலை எடுத்துப் பார்த்தேன். பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தும் கோரிக்கை பதின்மூன்றாவது இடத்தில் இருந்தது. பேருந்து பட்டியலிலேயே இல்லை. எழுதியது என் கை.

அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள்தான் ‘புதுமைப் பெண்’ திட்டம் தொடங்கப்பெற்றது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டம் அது. பத்தாம் வகுப்போடு வீட்டில் அமர்ந்துவிட்ட நம் பிள்ளைக்கு அந்த ஆயிரம் எவ்வழியில் வந்து சேரும்?

தொகுதி நிதியும் மாநில நிதியும்

பெரியோர்களே! நம்முடைய பட்டியல் ஏன் அவ்வாறு அமைந்தது? சட்டமன்ற உறுப்பினரின் பணி இன்னதென்று நாம் அறியாததே காரணம். ‘தொகுதி நிதி இருக்கிறது, அதிலிருந்து நமக்கும் ஒரு பங்கு’ என்பதே நம் எண்ணமாக இருந்தது. அந்த நிதியின் அளவைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, 2019-20ஆம் நிதியாண்டில் தொகுதி ஒன்றிற்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைப்பார். மாவட்ட நிருவாகம் ஆய்ந்து அனுமதி அளித்து நிறைவேற்றும். 2021ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தமிழ்நாட்டின் வாக்காளர்கள் ஏறத்தாழ 6 கோடியே 28 லட்சம் பேர். 234 தொகுதிகளுக்குப் பகிர்ந்தால் தொகுதிக்குச் சராசரி 2 லட்சத்து 68 ஆயிரம் பேர். 3 கோடியை அவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டொன்றுக்கு 112 ரூபாய் அளவில் வரும்.

இதற்காகவா ஒருவரைக் கோட்டைக்கு அனுப்பினோம்? 234 தொகுதிகளின் நிதியையும் கூட்டினால் 702 கோடி. மாநில அரசின் ஓராண்டுச் செலவோ 2023-24இல் 3 லட்சம் கோடிக்கும் மேல். தொகுதி நிதி முழுவதும் சேர்ந்தும் அதில் கால் விழுக்காடுகூட இல்லை. எஞ்சியிருக்கும் பெரும் பணத்திலிருந்துதான் ஆசிரியர் சம்பளம், மருத்துவமனை, கால்வாய், பேருந்து எல்லாம் நடக்கின்றன. அந்தப் பணத்தைத் துறைவாரியாக மானியக் கோரிக்கைகளாகப் பேரவையில் வைத்து, உறுப்பினர்கள் விவாதித்து வாக்களித்த பின்னரே அரசு செலவிட முடியும். நம் உறுப்பினரின் உண்மையான பலம் அங்கே இருக்கிறது. எந்தப் பள்ளிகள் தரம் உயர்த்தப்படும் என்னும் அறிவிப்பும் பெரும்பாலும் அந்த விவாதத்தின்போதுதான் வெளிவருகிறது.

அவையில் அவர் செய்யும் பணி

சட்டமன்ற உறுப்பினர் என்னும் பெயரிலேயே அவருடைய முதற்பணி அடங்கியிருக்கிறது. சட்டம் இயற்றுவது எங்கோ நடக்கும் காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் தஃப்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டில் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. எச்சமயத்தவராயினும் திருமணம் நடந்த 90 நாள்களுக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அது விதித்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னர்தான் ஜமாஅத்துகள் பல ஐயங்களைக் கிளப்பின. நிர்வாகிகள் தஃப்தரைச் சுமந்துகொண்டு வழக்கறிஞர்களிடம் அலைந்தனர். மசோதா பேரவையில் இருந்தபோது அதைப் படித்துப் பார்த்துத் தம் உறுப்பினரிடம் கருத்துச் சொன்னவர் எத்தனை பேர்? கைவிடப்பட்ட பெண்ணுக்கு இன்று அப்பதிவுச் சான்று எத்துணை உறுதியான ஆதாரமாக இருக்கிறது என்பதை நான் பல வழக்குகளில் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்ததும் 2007ஆம் ஆண்டில் அதே அவை இயற்றிய சட்டத்தினால்தான்.

இரண்டாவது பணி, வினா எழுப்புதல். உறுப்பினர் எழுத்து மூலம் வினா அளித்தால், துறையின் அமைச்சர் அவையில் விடையளிக்க வேண்டும். ஒரு வினாவுக்கு விடை ஆயத்தம் செய்யக் கோட்டையிலிருந்து மாவட்டம் வரை கோப்புகள் நகரும். நாம் நூறு முறை அலுவலகப் படி ஏறினாலும் நகராத கோப்பு அது! 2022 ஜனவரியில் வினா நேரத்தை நேரலையில் ஒளிபரப்பவும் தொடங்கினார்கள்.

மூன்றாவது பணி, குழுக்களின் மூலம் கண்காணித்தல். செலவிட்ட பணத்தை ஆராயப் பொதுக் கணக்குக் குழு உண்டு. அமைச்சர்கள் அவையில் தந்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு உண்டு. பொதுமக்களின் மனுக்களை ஆராய மனுக்கள் குழுவும் உண்டு. இக்குழுக்கள் மாவட்டங்களுக்கும் வருகின்றன. வரும் செய்தி நாளிதழில் ஒரு மூலையில் இருக்கும். நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் ஆகியவை 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சியின் பொறுப்பு. அவற்றுக்குக் கிராம சபை இருக்கிறது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களோடு, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபை அது. அங்கே செல்லாமல், மின்விளக்கு எரியவில்லை என்று சட்டமன்ற உறுப்பினரைத் தேடிச் செல்வது, பல்வலிக்குக் கண் மருத்துவரை நாடுவது போன்றதாகும்.

எதைக் கொண்டு அவரை எடை போடுகிறோம்?

நம் வீட்டுத் திருமணத்திற்கு வந்தாரா, ஜனாஸாவில் கலந்துகொண்டாரா, நோன்புக் கஞ்சிக்கு அமர்ந்தாரா என்பவையே இன்று நம் அளவுகோல்களாக இருக்கின்றன. வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரே நாளில் பத்துத் திருமணங்களுக்குச் சென்றவருக்கு, மானியக் கோரிக்கையின் ஏடுகளைப் புரட்ட நேரம் ஏது? அவரை அவ்வாறு அலைய வைப்பவர்கள் நாமே.

மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து 2001, 2006 ஆகிய இருமுறை தேர்ந்தெடுக்கப்பெற்ற என். நன்மாறன் அவர்களை இங்கே நினைவுகூர்கிறேன். பத்தாண்டுகள் சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் சொந்த வீடின்றி வாடகை வீட்டில் வாழ்ந்தார். 2021இல் அரசின் குடியிருப்பில் ஒரு வீடு வேண்டி ஆட்சியரிடம் சாதாரணக் குடிமகனைப் போல் மனு அளித்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதமே காலமானார். அமானிதம் பேணியவருக்கு அவர் ஒரு சான்று. ஆனால் நேர்மையான உறுப்பினர் வாய்த்தாலும், நம் தேவை எதுவென்று நாமே அறியாதிருந்தால் அவர் என் செய்வார்?

இரண்டாவது மனு

முதல் மனுவோடு நாம் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரையும், ஊராட்சித் தலைவரையும், கீழத்தெரு, மேலத்தெருப் பெரியவர்களையும் சந்தித்தோம். அவர்களுடைய பெண் மக்களும் அதே பத்தாம் வகுப்போடு நின்றவர்களே என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை ஆண்டுகள் ஒரே துயரை நாம் தனித்தனித் தெருக்களில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்! எல்லோரும் கையொப்பமிட்டு, இரண்டே வரிகளில் ஒரு மனு எழுதினோம். ஒன்று, மாலைப் பேருந்து. இரண்டு, மேல்நிலைப் பள்ளி.

சட்டமன்ற உறுப்பினர் போக்குவரத்துக் கழகத்திற்கு எழுதினார், நேரிலும் பேசினார். சில மாதங்களில் பேருந்தின் நேரம் மாற்றப்பட்டது. இன்று அதில் நம் பிள்ளைகள் சென்று வருகிறார்கள். பள்ளியைத் தரம் உயர்த்துவது குறித்து அவர் அவையில் கேட்டார். விதிகளுக்கு உட்பட்டுப் பரிசீலிக்கப்படும் என்று விடை கிடைத்தது. இவ்வுரை அச்சேறும் இந்நாள் வரை அது நிறைவேறவில்லை.

மனம் தளர வேண்டா. 1927இல் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், பெண்களைத் தேவதாசிகளாக ஆக்கும் வழக்கத்தை ஒழிக்க அந்த அவையில் போராடத் தொடங்கினார். அதை முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947இல்தான் வந்தது. நல்ல காரியங்கள் அவையில் மெதுவாகவே நடக்கின்றன. நினைவூட்டிக்கொண்டே இருப்பவர்கள் வெளியே வேண்டும்.

ஆகவே ஜமாஅத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, ஆண்டுதோறும் இப்பொதுக்கூட்டத்தில் ஊரின் முதல் தேவை எதுவென்று பேசி முடிவு செய்வோம்; திரைக்கு அப்பால் இருப்போரின் கருத்தையும் எழுதி வாங்குவோம். இரண்டு, அளித்த மனுவின் நகலையும் பெற்ற பதிலையும் தஃப்தரைப் போல் ஒரு கோப்பில் பேணுவோம். நிர்வாகம் மாறினாலும் கோப்பு மாறாதிருக்கட்டும். மூன்று, நமக்கு மட்டும் என்று கேட்பதை விடுத்து, ஊருக்கு என்று கேட்போம். உறுப்பினர் செய்து முடித்தால் எக்கட்சியினராயினும் நேரில் சென்று நன்றி சொல்வோம். செய்யாவிடில் மரியாதையோடு மீண்டும் கேட்போம்.

சென்ற மாதம் ஒரு தந்தை நிக்காஹ் பேச வந்தார். மகளின் சான்றிதழைக் கொடுத்தார். பன்னிரண்டாம் வகுப்பு. “அடுத்தது கல்லூரியில் சேர்த்திருக்கிறோம் ஹஜ்ரத். படிப்பு முடிந்த பிறகே நிக்காஹ் என்று மாப்பிள்ளை வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள்” என்றார். அது அந்த மாலைப் பேருந்தில் சென்று படித்த பிள்ளை.

அடுத்த முறை எந்த அலுவலகத்தில் எவர் ‘எது முதலில்?’ என்று கேட்டாலும், நம்மில் சிறுவன் ஒருவன்கூடத் தயங்காமல் விடை சொல்லும் ஊராக நம் ஊரை ஆக்குவோமாக. வல்ல இறைவன் அதற்கு அருள் புரிவானாக.