முகம் இல்லாத ஒரு சிஸ்டம்: மெர் கதை

லினக்ஸ் பத்தி எப்பப் பேசினாலும் ஒரு கேள்வி தவறாம வருது: "ஆன்ட்ராய்டே லினக்ஸ்தானே, அப்புறம் ஃபோனுக்குன்னு இன்னொரு லினக்ஸ் எதுக்கு?" நியாயமான கேள்வி. ஆன்ட்ராய்டோட அடியில ஓடுற கெர்னல் லினக்ஸ்தான், சந்தேகமே இல்ல. ஆனா பத்து வருஷப் பழைய லேப்டாப் ஒண்ணை எடுத்து, இன்னைக்கு வந்த டெபியனை அதுல போட்டுப் பாருங்க, பெரும்பாலும் ஓடிடும். அதே வயசுள்ள ஃபோன்ல இன்னைக்கு வந்த ஆன்ட்ராய்டைப் போட முடியுமா? ஃபோனை வித்த கம்பெனி அந்த மாடலுக்குன்னு தனியா சமைச்சுக் கொடுத்தாத்தான் உண்டு. அவங்க அடுப்பை அணைச்சுட்டா நம்ம கதையும் அதோட முடிஞ்சது.

லேப்டாப்புக்கு இருக்கிற மாதிரி, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுவான லினக்ஸ் அடித்தளம் கைக்கருவிகளுக்கும் இருக்கணும்னு சிலர் ரொம்ப நாளா முயற்சி பண்ணிட்டு வர்றாங்க. அதுல எனக்கு முக்கியமாத் தெரியுறது மெர். பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, பரவாயில்ல.

கதை நோக்கியாவுல ஆரம்பிக்குது. 2005-ல நோக்கியா 770-ன்னு ஒரு சின்ன இன்டர்நெட் டேப்லெட் வந்துச்சு. ஃபோன் இல்ல, சிம் போட முடியாது. உள்ள ஓடினது மேமோ, டெபியனை அடிப்படையா வச்ச லினக்ஸ். அப்புறம் 2007-ல என்800, என்810. 2009 கடைசியில என்900 வந்துச்சு. தள்ளினா வெளிய வர்ற கீபோர்டு, உள்ளயே டெர்மினல், சட்டைப்பையில முழுசா ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அதை வச்சிருந்தவங்க இன்னும் அதைப் பத்தி ஒரு மாதிரி ஏக்கத்தோடதான் பேசுவாங்க.

என்900-ல வந்த மேமோ 5, பழைய என்800-க்கும் என்810-க்கும் கிடையாதுன்னு ஆயிடுச்சு. வாங்கி ரெண்டு மூணு வருஷம்கூட ஆகாத கருவிகள். சில ஆர்வலர்கள் "நாமளே திரும்பக் கட்டிப்போம்"னு இறங்கினாங்க. மேமோ ரீகன்ஸ்ட்ரக்டட், அதோட சுருக்கம்தான் மெர். இது முதல் மெர்.

2010 பிப்ரவரியில நோக்கியாவும் இன்டெலும் கைகோத்து, மேமோவையும் இன்டெலோட மோப்ளினையும் சேர்த்து மீகோன்னு ஒண்ணை அறிவிச்சாங்க. லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ, திறந்த மூலமா, எல்லாருக்கும் பொதுவா. இதைத்தானே கேட்டோம்னு மெர் ஆட்கள் தங்கள் கடையை மூடிட்டு அங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. சரியா ஒரு வருஷம். 2011 பிப்ரவரியில நோக்கியா விண்டோஸ் ஃபோனுக்குத் தாவினது. எரியுற எண்ணெய் மேடையில நிக்கிறோம், குதிக்கணும்னு அவங்க தலைவர் ஸ்டீபன் ஈலாப் ஊழியர்களுக்கு எழுதின கடிதம் ஞாபகம் இருக்கலாம். அதே செப்டம்பர்ல இன்டெலும் மீகோவை விட்டுட்டு சாம்சங்கோட டைசன் பக்கம் போயிடுச்சு.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. மீகோ திறந்த மூலம்தான். லைசென்ஸ்ல ஒரு குறையும் இல்ல. ஆனா சம்பளம் கொடுத்தது ரெண்டு கம்பெனி, முடிவு எடுத்ததும் அவங்க. ரெண்டு பேரும் எழுந்து போனதும் அத்தனை பேரோட உழைப்பும் நடுத்தெருவுல. ஒரே ஒரு ஆறுதல், கோடு வெளிய இருந்துச்சு. அதை யாராலயும் திரும்ப வாங்கிக்க முடியாது.

அந்தக் கோடை எடுத்துக்கிட்டு 2011 அக்டோபர்ல மெர் ரெண்டாவது தடவை பிறந்துச்சு. கார்ஸ்டன் மங்க், ராபின் பர்ச்செல், டேவிட் கிரீவ்ஸ்னு மீகோவுல வேலை பார்த்த ஒரு சின்னக் குழு. அவங்க எடுத்த ஒரு முடிவுதான் இன்னைக்கு எபிசோடுக்கே காரணம். மெர்ல திரை கிடையாது. ஐகான், ஹோம் ஸ்கிரீன், டயல் பேட் எதுவும் இல்ல. கெர்னலும் கிடையாது. மேல வர்ற முகத்தையும் கீழ வர்ற வன்பொருள் சமாச்சாரத்தையும் வேணுங்கிறவங்க கொண்டு வரணும். நடுவுல இருக்கிற சி லைப்ரரி, சிஸ்டம்டி, க்யூடி, பேக்கேஜ் நிர்வாகம், எல்லாரும் தனித்தனியா செஞ்சு நேரத்தை வீணாக்குற அந்தப் பகுதியை மட்டும் நாங்க சுத்தமா வச்சிருப்போம்னாங்க.

மாவுக்கடை மாதிரி. பாக்கெட்ல மாவு வாங்குறோம். இட்லி ஊத்துறதும், தோசை சுடுறதும், மூணாம் நாள் புளிச்சதும் பணியாரம் பண்றதும் அவங்கவங்க வீட்டு விஷயம். மாவுக்கடைக்காரர் சாம்பாரையும் சேர்த்துத்தான் விப்பேன்னு நின்னா பாதி வீட்டுல வாங்க மாட்டாங்க. முழு ஃபோன் ஓஎஸ்ஸா செய்யப்போனா முதல் நாளே சண்டை வரும், ஐகான் வட்டமா சதுரமான்னு. முகத்தை விட்டதால அந்தச் சண்டையே இல்லாமப் போச்சு.

வாங்கினவங்க இருந்தாங்க. மீகோவோட சமூகப் பதிப்புல வேலை செஞ்சவங்க நெமோ மொபைல்னு ஒண்ணைக் கட்டினாங்க. கேடிஇ ஆட்கள் பிளாஸ்மா ஆக்டிவ்ங்கிற டேப்லெட் இடைமுகத்தை இது மேல ஓட்டினாங்க. நோக்கியாவை விட்டு வெளிய வந்த சிலர் பின்லாந்துலயே யோல்லான்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. யோல்லான்னா ஃபின்னிஷ்ல சின்னப் படகுன்னு அர்த்தம். மேடை எரிஞ்சா படகுல ஏறணும்ல! அவங்களோட செயில்ஃபிஷ் ஓஎஸ், மெர் மேல கட்டினது. 2013 நவம்பர்ல அவங்க முதல் ஃபோன் கடைக்கு வந்துச்சு.

சரி, மாவு ரெடி. அடுப்பு?

அங்கதான் உண்மையான சிக்கல். ஃபோன் சில்லு செய்ற கம்பெனிகள் கிராஃபிக்ஸ் டிரைவரை ஆன்ட்ராய்டுக்குன்னு மட்டும்தான், அதுவும் மூலக் கோடு இல்லாமக் கொடுக்கும். ஆன்ட்ராய்டுல இருக்கிற சி லைப்ரரி பயோனிக். சாதாரண லினக்ஸ்ல இருக்கிறது ஜிலிப்சி. ஒண்ணுக்காகச் செஞ்ச டிரைவர் இன்னொண்ணுல ஓடாது. கேடிஇ ஆட்கள் பிளாஸ்மா ஆக்டிவுக்காக விவால்டின்னு ஒரு டேப்லெட் கொண்டு வர 2012-ல முயற்சி பண்ணினாங்க. சீனத் தயாரிப்புக் கருவி. வேலை நடந்துட்டு இருக்கும்போதே உள்ள இருந்த வன்பொருள் மாறிப்போச்சு, மறுபடி முதல்ல இருந்து. கடைசி வரைக்கும் அது கடைக்கு வரவே இல்ல.

இதுக்கு கார்ஸ்டன் மங்க் கண்டுபிடிச்ச வழி லிப்ஹைப்ரிஸ். பழைய மெட்ராஸ்ல வெள்ளைக்காரருக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் நடுவுல துபாஷி நிப்பாரே, அதே வேலை. ஜிலிப்சி உலகத்துல இருக்கிற புரோகிராம் கேக்குறதை, பயோனிக் உலகத்துல இருக்கிற டிரைவருக்குப் புரியவைக்கும். யோல்லா ஃபோன் இதை வச்சுத்தான் ஓடினது. போட்டியாளரான உபுண்டு டச்சும் இதையே எடுத்துக்கிச்சு. 2017-ல பல திட்டங்கள் சேர்ந்து இந்த அடிப்பகுதியைப் பொதுவாக்க ஹேலியம்னு ஆரம்பிச்சதும் இதன் மேலதான். மெர் கொடுத்ததுலயே அதிகம் பரவினது அந்தத் துபாஷிதான்னு நான் சொல்லுவேன்.

ஆனா விலை உண்டு. ஆன்ட்ராய்டு டிரைவரை நம்பினா, அது எந்தக் கெர்னலுக்குச் செஞ்சதோ அந்தப் பழைய கெர்னலோடயே காலம் தள்ளணும். நடு அடுக்கு எவ்வளவு புதுசா இருந்தாலும் அஸ்திவாரம் சில்லுக் கம்பெனி கையில. எதிலிருந்து தப்பிக்கக் கிளம்பினோமோ அங்கயே ஒரு கால் மாட்டிக்கிச்சு.

இன்னொரு விஷயம், ஆளு. பொதுக் கிணத்துல தண்ணி எடுக்கிறவர் ஒருத்தர்தான்னா, தூர் வாருறவரும் அவராத்தான் இருப்பார். நாளாக ஆக மெர்ல வேலை செஞ்சது பெரும்பாலும் யோல்லா ஆட்கள். 2019-ல மெர் பேரை விட்டுட்டு செயில்ஃபிஷோட சேர்த்துட்டாங்க. இதைத் தோல்வின்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா யாருக்கும் சொந்தமில்லாத அடித்தளம்னு ஆரம்பிச்சது, கடைசியில ஒரு கம்பெனி வீட்டுக்குள்ள போச்சுங்கிறதும் உண்மைதான்.

இப்ப அதே கனவோட இருக்கிறது போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், 2017-ல ஆரம்பிச்சது. ஃபோன் பத்து வருஷம் உழைக்கணும்ங்கிறது அவங்க இலக்கு. அடித்தளத்தைப் புதுசா செய்யாம, ஏற்கெனவே இருக்கிற ஆல்பைன் லினக்ஸை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. கெட்டிக்காரத்தனம், ஏன்னா அதைப் பராமரிக்க ஃபோனுக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரம் பேர் இருக்காங்க. ஒவ்வொரு ஃபோனுக்கும் தனியா எழுதுறது சின்னப் பகுதிதான், மத்ததெல்லாம் பொது. துபாஷியும் வேணாம், லினக்ஸோட மூலக் கெர்னல்லயே அந்தச் சில்லுக்கான ஆதரவை எழுதிச் சேர்த்துடுவோம்ங்கிறாங்க. சேர்ந்துட்டா எந்தக் கம்பெனியும் திரும்ப எடுக்க முடியாது. ஆனா ஒவ்வொரு சில்லுக்கும் வருஷக்கணக்கு வேலை, அதுலயும் கேமரா கடைசியாத்தான் வரும்.

2018-ல நம்ம ஊர்ல நிறைய பேர் வாங்கின போகோ எஃப்1 ஞாபகம் இருக்கா? ஸ்னாப்டிராகன் 845. அந்தச் சில்லுல இந்த வேலை நல்லா முன்னேறியிருக்கு. அலமாரியில சும்மா கிடந்தா போட்டுப் பாருங்க, எஸ்எஸ்ஹெச் போட்டு சின்ன சர்வரா வச்சுக்கலாம். முதல்ல உள்ள இருக்கிற போட்டோவெல்லாம் வேற இடத்துக்கு மாத்திடுங்க, பூட்லோடரைத் திறக்கும்போது எல்லாமே அழிஞ்சிடும். பேங்க் ஆப், யூபிஐ எல்லாம் அதுல ஓடும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க. டீக்கடைக்கு இன்னும் உங்க பழைய ஃபோன்தான்.