ஆவியாகாத கரைப்பானும் நம்ம ஊர்த் தண்ணீரும்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் 'அயனித் திரவங்கள்' என்ற தலைப்பைப் பார்த்த வணிகவியல் நண்பர் ஒருவர், "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டார். முன்னால்தான்; ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த கழிவுத் துணியிலிருந்து இரண்டையும் தனித்தனியே பிரிக்கும் தொழிலை இந்தப் பக்கம் தொடங்கலாமா என்று நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். அதற்கு இந்தத் திரவம்தான் வழி என்று எங்கோ படித்திருக்கிறார்கள். அவர்களுக்கான பதில்தான் இந்தப் பேச்சு.

முதலில், இது என்ன பொருள்? தூத்துக்குடி உப்பளத்து உப்பை உருக்கணும்னா 801 டிகிரி சூடு வேணும். அதிலுள்ள சோடியம், குளோரைடு இரண்டும் சின்ன அயனிகள்; நெருக்கமாக அடுக்கி, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் பெரிதும் கோணல்மாணலுமான அயனிகளைப் போட்டால் அடுக்கு ஒழுங்காக அமையாது, உப்பு சீக்கிரமே இளகிவிடும். 100 டிகிரிக்குக் கீழே உருகும் உப்பைத்தான் அயனித் திரவம் என்கிறோம். 1914-இல் பால் வால்டன் எழுதிய எத்தில் அம்மோனியம் நைட்ரேட் 12 டிகிரியிலேயே உருகிவிடும். நம்ம ஊர் மார்கழிக் குளிரிலும் அது தண்ணியாத்தான் கிடக்கும்.

கரைப்பான் என்றால் நம் பக்கத்து எண்ணெய்த் தொழிலுக்குப் பழக்கமானது ஹெக்சேன். பிண்ணாக்கில் தங்கிய எண்ணெயை அதில் கரைத்து எடுப்பார்கள். சுமார் 69 டிகிரியில் அது ஆவியாகிவிடும். ஆவியைக் குளிரவைத்தால் கரைப்பான் திரும்பக் கிடைக்கும், எண்ணெய் தனியாக நிற்கும். ஆனால் அந்த ஆவியில் ஒரு பொறி பட்டால் போதும். தீப்பெட்டி ஆபீஸ் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அயனித் திரவமோ சாதாரணச் சூட்டில் ஆவியாவது இல்லையென்றே சொல்லலாம். அதனால் 'பசுமைக் கரைப்பான்' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பருத்திக்கு வருவோம். கருங்கண்ணி விளைந்த கரிசல் இது. பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் நீண்ட சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் கட்டிவைத்திருக்கின்றன. தண்ணீரில் எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. கரைந்தால் வேட்டி துவைக்க முடியுமா? 2002-இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபின் ராஜர்ஸ் குழுவினர், பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் குளோரைடு என்ற அயனித் திரவத்தில் செல்லுலோஸைக் கரைத்துக் காட்டினார்கள். குளோரைடு அயனி இடையில் புகுந்து கட்டை அவிழ்த்துவிடுகிறது. இந்த வகைத் திரவத்தைக் கலப்புத் துணியில் ஊற்றினால் பருத்தி கரையும், பாலியஸ்டர் கிடக்கும். அதை வடிகட்டிவிட்டு, கரைசலைத் தண்ணீரில் விட்டால் செல்லுலோஸ் திரும்பப் பிரிந்து வரும். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் வேறொரு அயனித் திரவத்தைக் கொண்டு இப்படிப் பிரித்து, இழையாகவும் இழுத்திருக்கிறார்கள்.

சரி, அந்தக் கரைப்பானை எப்படித் திரும்ப எடுப்பது? இங்கேதான் சிக்கல். ஹெக்சேன் தானாகப் பறந்து பிரிந்தது. இது பறக்காது, கூடக் கலந்த தண்ணீரைத்தான் ஆவியாக்கி விரட்டணும். கொதிநிலைக்கு வந்த ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க இன்னும் 540 கிலோகலோரி வேணும். ஒரு கிலோ பஞ்சைக் கரைக்க 9 கிலோ திரவம் என்று வச்சுக்கிடுவோம். 99 சதவீதம் மீட்டாலும் 90 கிராம் போச்சு. கிலோ 1,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்தால், கிலோ பஞ்சுக்கு 90 ரூபாய் நஷ்டம். 99.9 சதவீதம் மீட்டால் 9 ரூபாய்தான். தொழில் நிற்பதும் விழுவதும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஒற்றை எண்ணில் இருக்கிறது.

காணாமல் போன 90 கிராம் எங்கே? காற்றில் இல்லை. நூலிலோ, கழுவிய நீரிலோ இருக்கும். இந்த உப்புகளில் சில மீனுக்கு விஷம். 2018-இல் இங்கிலாந்தில் குப்பைமேடு ஒன்றின் அருகே மண்ணில் இமிடசோலியம் வகை ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். அங்கே ஆறாவது இருந்தது. நமக்குக் கம்மாய்தானே!

பிற நாட்டு ஆலைகளில் இது ஜெயித்த இடங்களையும் சொல்லணும். மலேசியாவின் பெட்ரோனாஸ் நிறுவனம், இயற்கை எரிவாயுவில் உள்ள பாதரசத்தைப் பிடிக்க, நுண்துளைத் திண்மத்தில் ஊறவைத்த அயனித் திரவத்தை 2011-லிருந்து பயன்படுத்தியது. திரவம் துளைக்குள்ளேயே இருக்கும், வாயுவோடு போகாது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். 2002-இல் தொடங்கிய முறையில், வினையில் உண்டாகும் அமிலம் அயனித் திரவமாக மாறித் தனி அடுக்காக நிற்கும். எண்ணெயும் தண்ணியும் மாதிரி பிரித்துவிடலாம். இரண்டிலும் தண்ணீரை விரட்டும் வேலை இல்லை.

ஆக, தம்பிகளே, தொழிற்கூடத்துக்கு இப்போது இடம் பார்க்க வேண்டாம். சாயமேறாத ஆலைக் கழிவுத் துணி கொஞ்சம் எடுங்கள். ஒரே திரவத்தை ஐம்பது தடவை திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, ஒவ்வொரு தடவையும் எடை போட்டு எழுதுங்கள். கழுவிய தண்ணீரின் அளவையும் எழுதுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள், திட்ட அறிக்கை எழுத நானும் உட்காருகிறேன். சாயத் துணியை அதற்கப்புறம் பார்ப்போம்.