துணி வியாபாரி சுரண்டிய பல்

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்று ஓர் ஊர். அங்கே லேவன்ஹுக் என்று ஒரு துணி வியாபாரி. வில்லைகளைத் தானே தேய்த்து நுண்ணோக்கி செய்வதில் மனுஷருக்குப் பைத்தியம்.

1683-ல் தன் பல்லிடுக்கில் மாவு மாதிரி ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தண்ணீரில் கலந்து பார்த்தார். குட்டிக்குட்டி உயிர்கள் ஓடிக்கொண்டிருந்தன! இத்தனைக்கும் அவர் தினமும் உப்பு வைத்துப் பல் தேய்க்கிறவர். அடுத்து, ஆயுசுக்கும் பல்லே துலக்காத ஒரு கிழவரைப் பிடித்தார். அந்த வாயில் தேர்த்திருவிழாக் கூட்டம்!

வினிகரில் கொப்பளித்தும் பார்த்தார். பல்லில் ஒட்டிய அழுக்குக்குள் இருந்தவை சாகவில்லை. அதையே சுரண்டியெடுத்து வினிகரில் கலந்ததும் செத்தன. எனக்கு இதுதான் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. அவர் பார்த்த அந்தக் குட்டி உயிர்கள், அதாவது பாக்டீரியாக்கள், பிசுபிசுப்பான படலம் கட்டி அதற்குள் பத்திரமாக இருக்கின்றன. வாசனைத் தண்ணீரில் கொப்பளித்தால் வாய் மணக்கும், படலம் அப்படியே இருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துத்தான் கலைக்க வேண்டும்.

படலத்துக்குள் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்றவை சர்க்கரையை அமிலமாக்கி எனாமலை அரிக்கின்றன. பகலில் எச்சில் அந்த அமிலத்தைக் கொஞ்சம் சமாளிக்கும். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும். நாமோ காலையில் நுரை பொங்கத் தேய்த்துவிட்டு, ராத்திரி சர்க்கரை போட்ட பாலைக் குடித்த கையோடு படுத்துவிடுகிறோம்!

பிரஷ் நுழையாத பல்லிடுக்குக்கு மருந்துக்கடையில் மெல்லிய நூல் விற்கிறார்கள். சட்டையில் குத்தியிருக்கும் ஊக்கு அதற்கானதல்ல.